ராத்திரி நல்லா நீந்துன மீன் காலையில செத்து மிதக்குது, யாராவது விஷம் கலந்திருப்பாங்களா?

19 மே 2024, காலை 7.10

அவசரமா கேக்குறேன், தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க. திருச்சி. வீட்டுக்குப் பின்னால சிமெண்ட் தொட்டி, 8 அடி நீளம் 5 அடி அகலம் ரெண்டரை அடி ஆழம், சுமாரா 2,800 லிட்டர். 14 கோய் (கலர் கெண்டை), 11 கோல்டு ஃபிஷ், கப்பின்னு சொல்ற பொடி மீன் எத்தனைன்னு கணக்கே இல்ல. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு தீனி போட்டப்ப எல்லாம் மேல வந்து சாப்பிட்டுச்சு. இன்னைக்கு காலையில அஞ்சே முக்காலுக்கு கதவத் திறந்தா ஆறு கோயும் ஒரு கோல்டு ஃபிஷும் செத்து மிதக்குது. மிச்சமெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குது. நேத்து வரைக்கும் பச்சைப் பசேல்னு இருந்த தண்ணி இப்ப காப்பித் தண்ணி கலருக்கு வந்துடுச்சு. ரெண்டு நாள் முன்னாடி தெருவுல கொசு மருந்து புகை அடிச்சிட்டுப் போனாங்க. அதுதான்னு நான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டுல யாரோ எதையோ கலந்துட்டாங்கன்னு அம்மா சொல்றாங்க.

19 மே 2024, காலை 7.25

விட்டுப்போச்சு. ராத்திரி இடி மழை, 11 மணிக்கு போன கரண்டு நாலரைக்குத்தான் வந்துச்சு.

19 மே 2024, காலை 9.40

பாதித் தண்ணிய எடுத்துட்டு குழாய்த் தண்ணிய நேரா ஹோஸ் போட்டு விட்டுட்டேன். டிரம் ஃபில்டர்ல இருந்த ஸ்பாஞ்சு, பயோ பால்னு சொல்ற பிளாஸ்டிக் உருண்டை, லாவா கல்லு எல்லாத்தையும் குழாயடியில வச்சு சுத்தமா தேச்சுக் கழுவிட்டேன், அவ்வளவு சேறு. இப்ப தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மீனும் கீழ இறங்கிடுச்சு.

தண்ணி ஏறுற வரைக்கும் நடந்தத சொல்லணும். எங்க பாப்பா "பொட்டு"ன்னு பேர் வச்ச கோய் ஒண்ணு இருக்கு, உடம்பு முழுக்க வெள்ளை, தலையில மட்டும் சிவப்பு வட்டம், கடைக்காரங்க டாஞ்சோன்னு சொல்ற வகை. அது பக்கவாட்டுல சாஞ்சிடுச்சு. இடது கையில அத நிமித்திப் பிடிச்சுக்கிட்டு வலது கையால சொம்புல தண்ணிய மொண்டு மொண்டு உசரத்துல இருந்து அது வாய்க்கு நேரா ஊத்துனேன். செவுள் மூடி முதல்ல ரொம்ப மெதுவா தூக்கித் தூக்கி விழுந்துச்சு, சொம்புத் தண்ணி ஒவ்வொரு தடவ விழும்போதும் கொஞ்சம் வேகமாச்சு. முக்கா மணி நேரம் இருக்கும். கைய விட்டு வழுக்கிட்டுப் போய் தானா நீந்துச்சு பாருங்க, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

19 மே 2024, மதியம் 1.15

கும்பகோணம் அண்ணே ஒருத்தர் தனியா நாலு கேள்வி கேட்டிருந்தாரு. செத்தது பெருசா சின்னதா? கப்பி செத்துச்சா? செத்த மீனோட வாய் திறந்திருந்துச்சா மூடியிருந்துச்சா? தண்ணியில புழு பூச்சி உயிரோட இருக்கா?

போய்ப் பாத்தேன். ஒரு கோல்டு ஃபிஷ் தவிர செத்தது எல்லாம் பெரிய கோய், ஒண்ணரை அடி வரைக்கும். கப்பி ஒண்ணு கூட சாகல. செத்ததுங்க வாய் ஆன்னு திறந்திருக்கு, செவுள் மூடி ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்குது. மூலையில தண்ணி மேல ஓடுற பூச்சி ஓடிட்டே இருக்கு, காலையில எடுத்து வச்ச பழைய தண்ணி வாளியில தும்பி முட்டைல இருந்து வர்ற புழு உயிரோட நெளியுது.

அப்ப விஷம் இல்ல தம்பி, மூச்சு முட்டிச் செத்திருக்குன்னுட்டாரு. கொசு மருந்து மீனுக்கு பொல்லாத விஷம்தான், ஆனா அது தண்ணியில கலந்திருந்தா முதல்ல அந்தப் பூச்சியும் புழுவும் போயிருக்கணும், கப்பியும் மிஞ்சியிருக்காது. ஆக்சிஜன் பத்தாம போனா பெரிய உடம்புதான் முதல்ல போகும், அதுக்கு தேவை அதிகம். கப்பி வாய் மேல பாத்த மாதிரி இருக்கும், தண்ணியோட மேல் படலத்துல இருக்குற காத்துப் பட்ட தண்ணியவே இழுத்துப் பொழச்சுக்கும். கோல்டு ஃபிஷ் ஆக்சிஜன் கம்மியானாலும் கோயை விட தாக்குப் பிடிக்கும். அப்படியே பொருந்துது.

அம்மாகிட்ட பக்கத்து வீட்டப் பத்தி இனி பேச வேணாம்னு சொல்லிட்டேன். காலையில நான் கூட அவங்கள ஒரு மாதிரி பாத்துட்டுத்தான் வந்தேன், மனசு கஷ்டமா இருக்கு.

19 மே 2024, இரவு 10.50

கப்பி சாகுது. சாயங்காலத்துல இருந்து இருவது முப்பது போயிடுச்சு. ஒரு கோல்டு ஃபிஷ் உடம்புல வெள்ளையா பால் ஆடை மாதிரி படலம். மீனுங்க திடீர் திடீர்னு பாஞ்சு செவுத்துல முட்டுது. ஏர் பம்பு ரெண்டு ஓடுது, ஆக்சிஜன் கண்டிப்பா இருக்கு. இது என்ன புதுசா?

20 மே 2024, காலை 6.30

மூணு கோய், நாலு கோல்டு ஃபிஷ் செத்துக் கிடக்கு. பொட்டுவும் போச்சு.

20 மே 2024, மதியம் 2.00

நிதானமா எழுதுறேன். நேத்து சாயங்காலத்துக்கு மேல செத்தது எல்லாம் குளோரின்ல செத்துச்சு. நான்தான் அத ஊத்துனேன். குழாய்த் தண்ணியில கிருமி வராம இருக்க குளோரின் போட்டுத்தான் அனுப்புவாங்க, குடிக்கிற தண்ணியில கடைசிக் குழாய்ல கூட லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சி நிக்கணும்னு இந்தியத் தர அளவே இருக்கு. நமக்கு அது பாதுகாப்பு. மீனுக்கு அதுல பாதி கூட ஆகாது, செவுள நேரடியா பொசுக்கும். மழைக்காலத்துல கலங்கல் தண்ணி வந்தா இன்னும் தாராளமாவே போடுவாங்க. நான் கிட்டத்தட்ட 1,400 லிட்டர நேரா விட்டிருக்கேன், அதுவும் ராத்திரி முழுக்க மூச்சுக்குத் திண்டாடி செவுள் ஓஞ்சு போன மீனுங்க மேல.

குளோரின் டெஸ்ட் சொட்டு வாங்கிட்டு வந்து குழாய்த் தண்ணிய ஒரு டம்ளர்ல பிடிச்சு விட்டேன். நல்ல எலுமிச்சம்பழ மஞ்சள், அதாவது குளோரின் இருக்கு. மீன் கடையில ஆன்டி குளோரின்னு விக்குறதும் பழைய போட்டோ ஸ்டுடியோக்காரங்க ஹைப்போன்னு சொல்ற படிகமும் ஒண்ணுதான், சோடியம் தயோசல்ஃபேட். ஒரு கிராம் குளோரினுக்கு ஏழு கிராம் ஹைப்போ போட்டா தாராளமா போதும். 1,000 லிட்டர்ல 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) இருந்தா மொத்த குளோரினே ஒரு கிராம்தான். அப்ப என் 1,400 லிட்டருக்கு பத்து கிராம் படிகம் போதும், 2 பிபிஎம் இருந்தாக் கூட இருவது கிராம். சில ரூபாய் சாமான்.

பாப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல.

20 மே 2024, இரவு 9.15

பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடுங்க, கிருமி போயிடும்னு ரெண்டு பேர் சொல்லியிருக்கீங்க. வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். இப்ப கிருமிப் பிரச்சனையே இல்ல, வெந்துபோன செவுள் மேல இன்னொரு எரிச்சல் எதுக்கு. மஞ்சள் தூளும் வேணாம். நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா நேத்து நானும் நல்ல மனசோடதான் ஹோஸத் திறந்தேன்.

22 மே 2024, காலை 11.00

19ஆம் தேதி மதியம் எழுதுனதுல ஒரு திருத்தம். கரண்டு போனதால ஏர் பம்பு நின்னுச்சு, அதனால மூச்சு முட்டுச்சுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். அது பாதிதான். ஏன்னா ஏப்ரல்ல ஒரு நாள் ராத்திரி முழுக்க கரண்டு இல்ல, ஒரு மீனுக்கும் ஒண்ணும் ஆகல. அப்ப இப்ப மட்டும் என்ன?

இன்னைக்கு காலையில அம்மா சாதாரணமா சொல்றாங்க, ரோஜாவுக்கு அன்னைக்கு சாயங்காலம்தான் ஒரு சாக்கு ஆட்டு எரு போட்டேன், மழையில எல்லாம் போயிடுச்சுன்னு. ரோஜாப் பாத்தி தொட்டிக்கு ஒட்டுனாப்புல மேட்டுல இருக்கு. போய்ப் பாத்தா தொட்டி விளிம்பு வரைக்கும் மண்ணு அரிச்ச தடம், ரெண்டு புழுக்கை இன்னும் விளிம்புலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. காப்பித் தண்ணி கலர் அங்கதான் வந்திருக்கு.

இப்ப எனக்குப் புரிஞ்ச வரைக்கும் வரிசை இதுதான். முதல்ல தண்ணி பச்சை, அதாவது முழுக்க பாசி. வெயில் இருக்கப்ப பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரியில அதுவும் நம்மள மாதிரி ஆக்சிஜன இழுக்கும், அதனால எந்தக் குளத்துலயும் விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஆக்சிஜன் அடிமட்டத்துல இருக்கும். மழைக்கு முன்னாடி மூணு நாள் மூட்டமாவே கிடந்துச்சு, பாசி பகல்லயும் சரியா சம்பாதிக்கல. அதுக்கு மேல சூடு. 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும்னா 30 டிகிரியில ஏழரைதான் பிடிக்கும், நம்ம ஊரு மே மாசத் தண்ணி எப்பவும் 30க்கு மேலதான். அதுல ஒரு சாக்கு எரு கரைஞ்சு இறங்குனா அத மக்க வைக்கிற பாக்டீரியா மிச்சம் இருக்குற ஆக்சிஜனையும் தின்னுடும். அடியில கிடந்த சேறும் மழையில கலங்கியிருக்கும். கடைசியா கரண்டு. கோடை மழை பேஞ்ச மறுநாள் ஏரியில தெப்பக்குளத்துல மீன் செத்து ஒதுங்குச்சுன்னு வருஷா வருஷம் செய்தி வருதே, யாரோ மருந்து கலந்துட்டாங்கன்னு ஊரே பேசுமே, அதுலயும் நிறைய இதே கதையாத்தான் இருக்கணும்.

அம்மாகிட்ட எருவப் பத்தி சொல்லல. அவங்க அந்த மீனுங்களுக்கு தினமும் பொரி போடுறவங்க.

22 மே 2024, மாலை 6.20

எங்க புதைச்சீங்கன்னு சேலத்துல இருந்து ஒருத்தர் கேட்டாரு. தென்னை மரத்தடியில. ரெண்டு அடி ஆழமாவது தோண்டுங்க, மேலாப்புல போட்டா தெரு நாய் கிளறிடும். பொட்டுவ மட்டும் பாப்பா கேட்டதால மாதுளைச் செடிகிட்ட.

27 மே 2024, காலை 8.00

ஒரு வாரம் அமைதியா இருந்துச்சு, இன்னைக்கு கோல்டு ஃபிஷ் ஒண்ணு போச்சு. மிச்சம் கோய் அஞ்சு, கோல்டு ஃபிஷ் அஞ்சு. அமோனியா டெஸ்ட் எடுத்தா 2 பிபிஎம். இருக்கவே கூடாது.

இதுவும் 19ஆம் தேதி செஞ்ச வேலைதான். ஃபில்டர்ல நான் தேச்சுக் கழுவுன அந்தப் பழுப்புச் சேறு வெறும் அழுக்கு இல்ல, அதுலதான் அமோனியாவ நைட்ரைட்டாவும் நைட்ரைட்ட நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா குடியிருந்துச்சு. குளோரின் தண்ணியில கழுவி குடும்பத்தோட கொன்னுட்டேன். இப்ப மறுபடி அது வளர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். ஃபில்டர் கழுவணும்னா தொட்டித் தண்ணியையே ஒரு வாளியில எடுத்து அதுல ஸ்பாஞ்ச ரெண்டு பிழி பிழிஞ்சா போதும், அதுவும் பாதி பாதியா, ஒரு வாரம் விட்டு.

இன்னொண்ணு, இது பல பேருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அமோனியா டெஸ்ட்ல வர்ற நம்பர் மட்டும் பத்தாது, பிஎச், அதாவது தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவையும் சேர்த்துப் பாக்கணும். 30 டிகிரியில பிஎச் 7 இருந்தா அந்த அமோனியாவுல ஒரு சதவீதம் கூட விஷ வடிவத்துல இருக்காது. 8 ஆனா ஏழெட்டு சதவீதம். 9 ஆனா கிட்டத்தட்ட பாதி. பச்சைத் தண்ணியில சாயங்காலம் பிஎச் 9 வரைக்கும் ஏறும், பாசி கார்பன் டை ஆக்சைட இழுத்துடுறதால. அதனால காலையில டெஸ்ட் பாத்துட்டு சரியாத்தான் இருக்குன்னு விட்டுடாதீங்க, சாயங்காலம் நாலு மணிக்கும் பாருங்க.

தீனிய நிறுத்திட்டேன். நல்ல கோய் ஒரு வாரம் பத்து நாள் சாப்பிடாம இருக்கும், ஒண்ணும் ஆகாது. தினமும் கால்வாசித் தண்ணி மாத்துறேன், முதல் நாளே டிரம்ல பிடிச்சு ஹைப்போ போட்டு ஏர் விட்டு வச்ச தண்ணி.

1 ஜூன் 2024

அமோனியா இறங்குது, நைட்ரைட் ஏறுது, எதிர்பாத்ததுதான். இன்னொரு கோல்டு ஃபிஷ் காலையில செத்துருச்சு. செவுள் மூடியத் தூக்கிப் பாத்தேன், உள்ள சிவப்பா இருக்க வேண்டியது சாக்லேட் கலர்ல இருந்துச்சு. நைட்ரைட் ரத்தத்துல போய் ஒட்டிக்கிட்டா ரத்தத்தால ஆக்சிஜன தூக்க முடியாது, தண்ணி முழுக்க ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாகும். இதுக்கு கல்லுப்பு நல்ல கைவைத்தியம், உப்புல இருக்குற குளோரைடு நைட்ரைட்ட செவுள் வழியா உள்ள போக விடாம தடுக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்குல 2,800 லிட்டருக்கு 2 கிலோ 800 கிராம், வாளியில கரைச்சு மூணு தவணையா ஊத்துனேன். உப்பு ஆவியாகிப் போகாது, தண்ணி எவ்வளவு மாத்துறோமோ அவ்வளவுக்கு மட்டும் திரும்பப் போட்டா போதும், தினமும் அள்ளிக் கொட்டக் கூடாது. அல்லிக் கிழங்கு வச்சிருக்குறவங்க உப்ப இதுக்கு மேல ஏத்துனா செடி கருகும்.

9 ஜூன் 2024

கணக்கு போட்டுப் பாத்தேன், தூக்கம் வரல. அந்த ராத்திரி கொன்னது 7. அதுக்கப்புறம் என் கையால போனது 9, கப்பிய சேக்காம. காலையில நான் செய்ய வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணு, கரண்டு வந்த உடனே ஏர் பம்பு ஓடுதான்னு பாத்துட்டு கூடவே குடத்துல தண்ணி மொண்டு ஊத்திட்டே இருந்திருக்கணும். பொட்டுவுக்கு அதத்தான் செஞ்சேன், அது எழுந்துச்சு. அங்கயே நின்னிருக்கலாம். தண்ணி மாத்தித்தான் ஆகணும்னாலும் ஹைப்போ போட்டு கால்வாசி. ஃபில்டரத் தொட்டிருக்கவே கூடாது.

யாராவது பதட்டத்துல இருந்தா இத முதல்ல படிங்கன்னுதான் அன்னைக்கு எழுதுனதையெல்லாம் அழிக்காம வச்சிருக்கேன்.

14 ஜூலை 2024

கோவைத் தம்பி புதுசா சிமெண்ட் தொட்டி கட்டி ரெண்டு நாள்ல மீன் விட்டு எல்லாம் செத்துப் போச்சுன்னு கேட்டிருந்தாரு. இது வேற கதை தம்பி. புது சிமெண்ட்ல இருந்து சுண்ணாம்பு கரைஞ்சு வரும், பிஎச் பத்துக்கு மேலயே போகும். நம்ம ஊர்ல காலங்காலமா வாழைத்தண்டத் துண்டு போட்டு, கொஞ்சம் சாணியும் போட்டு ஊற வைப்பாங்க, அது அழுகுறப்ப வர்ற அமிலம் சுண்ணாம்ப முறிக்கும். சில பேர் புளி போடுவாங்க. எதப் போட்டாலும் ரெண்டு மூணு வாரம் ஊறட்டும், நடுவுல மூணு நாலு தடவ முழுசா இறக்கி தேச்சுக் கழுவுங்க, நல்லா நினைவு வச்சுக்கங்க, அழுகுன வாழைத்தண்டு தண்ணியிலயே மீன விட்டுடாதீங்க, அதுலயும் ஆக்சிஜன் இருக்காது. கடைசியா தண்ணி ரொப்பி ரெண்டு நாள் விட்டு பிஎச் பாருங்க, எட்டரைக்குள்ள நின்னா நாலு கப்பி விட்டு ஒரு வாரம் பாருங்க.

என் தொட்டி நல்லா இருக்கு. அஞ்சு கோய், நாலு கோல்டு ஃபிஷ். தொட்டியச் சுத்தி அரை அடி உசரத்துக்கு செங்கல் வரப்பு கட்டிட்டேன், மழைத் தண்ணி உள்ள இறங்காது. மேல கால்வாசிக்கு பச்சை நிழல் வலை. பேட்டரி ஏர் பம்பு ஒண்ணு வாங்குனேன், கரண்டு போனா தானா ஓடும்.

18 ஆகஸ்ட் 2024

கொளத்தூர் போயிருந்தேன். சென்னைப் பக்கம் மீன் வளக்குறவங்க எல்லாருக்கும் தெரியும், தெருத் தெருவா கலர் மீன் கடைதான். பாப்பாவும் வந்தா. ஒரு தொட்டியில டாஞ்சோ குட்டி ஏழெட்டு இருந்துச்சு, கைவிரல் நீளம். ரொம்ப நேரம் பாத்துட்டு "இது பொட்டு இல்லப்பா"ன்னு சொல்லிட்டு நகந்துட்டா. மூணு சாதா கோய் மட்டும் வாங்குனோம். மூணு வாரம் தனி டப்புல வச்சுப் பாத்துட்டுத்தான் பெரிய தொட்டியில விடுவேன், புது மீன் கூட வர்ற நோயால மொத்தத் தொட்டியும் போன கதைய இங்கயே எத்தனையோ பேர் எழுதியிருக்கீங்க.

13 டிசம்பர் 2024

ராத்திரி முழுக்க மழை, கரண்டு மூணு மணி நேரம் இல்ல. அஞ்சு மணிக்கு டார்ச் அடிச்சுப் பாத்தேன். எட்டு கோயும் அடியில வரிசையா படுத்திருக்கு, செவுள் மெதுவா மூடித் திறக்குது. பேட்டரி பம்பு காத்துக் குமிழி விட்டுட்டு இருந்துச்சு. திரும்பப் போய்ப் படுத்துட்டேன்.

அம்மாகிட்ட எருவப் பத்தி போன வாரம்தான் சொன்னேன், அவங்களாவே கேட்டாங்க. ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் பாத்தியில இருந்த ரோஜாச் செடி ஆறையும் முன் வாசலுக்கு மாத்தி வைக்கச் சொன்னாங்க, வச்சாச்சு.

6 ஏப்ரல் 2025, காலை 5.35

இப்பத்தான் பாத்தேன் தம்பி, உங்க தொட்டியிலயும் மீன் செத்து மிதக்குதுன்னு நீங்க போட்ட மெசேஜ் வந்து பத்து நிமிஷம் ஆச்சு. போட்டோ அப்புறம் எடுங்க. குடத்தையோ வாளியையோ எடுத்து அதே தண்ணிய மொண்டு இடுப்பு உசரத்துல இருந்து ஊத்திட்டே இருங்க, வீட்டுல இன்னொரு ஆள எழுப்பி மாத்தி மாத்தி ஊத்துங்க. தீனி போடாதீங்க. குழாயத் திறக்காதீங்க. ஃபில்டரத் தொடாதீங்க. வெயில் ஏறுற வரைக்கும் நிறுத்தாதீங்க. செத்தத ஓரமா எடுத்து வைங்க, தூக்கிப் போட்டுடாதீங்க, செவுள் பாக்கணும்.

ஊத்திக்கிட்டே எனக்கு இத மட்டும் சொல்லுங்க. செத்தது பெருசா சின்னதா? வாய் திறந்திருக்கா? பூச்சி ஓடுதா?